உத்தியோக வாசலும் நாம் பிந்திய காலமும்



நம்மவருக்கு நல்ல உத்தியோகம் கிடைப்பதில்லை என்ற மனக்குறையை நீங்கள் பல தடவை கேட்டிருப்பீர்கள். அக்குறையின் வேரை வரலாற்றில் சற்றுத் தேடிப் பார்ப்போம்.

கண்டி இராச்சியத்தில் ஒருவரது தொழிலைப் பெரும்பாலும் அவரது பிறப்பே தீர்மானித்தது. இராஜகாரியம் எனும் கட்டாய ஊழிய முறை சாதியையும் காணியையும் ஒட்டியே அமைந்திருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் ஆங்கிலேயர் அதனை ஒழித்தனர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் அரச சேவையின் வாசலைச் சுதேசிகளுக்கும் திறந்தன. ஆயினும் உள்ளே செல்வதற்கு ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது.

அக்கல்வி எல்லோருக்கும் ஒரே காலத்தில் எட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1816 முதலே பணியாற்றத் தொடங்கினர். அவர்களுடைய பாடசாலைகளிற் கற்றோர் எழுதுவினைஞர்களாகவும் வைத்தியர்களாகவும் உயர்ந்தனர். நம் முன்னோரோ, பிள்ளை மார்க்கத்தை இழந்துவிடுவானோ என அஞ்சி மிஷனரிப் பாடசாலைகளைத் தவிர்த்தனர். அவ்வச்சத்தை வெறும் அறியாமை என ஒதுக்கிவிட முடியாது. வியாபாரக் குடும்பங்களுக்குக் கடை இருந்தமையால் உத்தியோகம் அவசியமெனத் தோன்றவுமில்லை. கிழக்கின் வயற்கிராமங்களிலோ ஆங்கிலப் பாடசாலையே அரிதாயிருந்தது.

இந்நிலையை உணர்ந்தவர் அறிஞர் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தையும் நவீன கல்வியையும் ஒருங்கே பெறலாம் என எடுத்துரைத்தார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷா அவருக்குத் துணை நின்றார். வாப்பிச்சி மரிக்கார் போன்றோரின் உழைப்புடன் 1892இல் மருதானையில் எழுந்த பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று.

இலங்கை சிவில் சேவையில் முதலாவது முஸ்லிமாக ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் சேர்ந்த ஆண்டு 1935. வாசல் திறந்து 102 ஆண்டுகள் கழிந்துவிட்டன! அவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் கற்றவர் என்பது சிந்திக்கத்தக்கது. நல்ல பாடசாலை அருகிலிருந்தது. அதன் கதவும் அவருக்குத் திறந்திருந்தது. பின்னர் கல்முனையிற் கடமையாற்றியபோது வறிய மாணவரின் நிலையைக் கண்ணாரக் கண்ட அவர், 1945இல் முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவ முன்னின்றார்.

ஆகவே, நாம் பிந்தியமைக்குத் திறமைக் குறைவு காரணமன்று. பாடசாலை, மொழி, வறுமை, அச்சம், சட்டம் ஆகிய அனைத்தும் அதிற் பங்கு கொண்டன. 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தால், தமிழிற் கற்றோர் மறுபடியும் வாசலில் நிற்க நேர்ந்ததும் அவ்வாறே.

பெற்றோர்களே, சட்டம் நம் கையில் இல்லாதிருக்கலாம். பிள்ளையின் பாடசாலைக் காலம் நம் கையில் உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே மகனைக் கடையில் நிறுத்துவதும், மகளின் படிப்பை இடையில் முடிப்பதும் அந்த 102 ஆண்டுகளை நம் வீட்டில் மீண்டும் தொடங்குவதாகும். நமது கடையில் வேலைசெய்யும் ஏழை இளைஞனுக்கும் படிக்க நேரமும் முறையான சம்பளமும் கொடுப்போம். நமக்கு அடைபட்டிருந்த வாசலை நாமே இன்னொருவருக்கு அடைக்கலாமா?