பாம்பன், 46 நாள்கள்

அலுவலகத்தில் அதிகாரம் கைக்கு வருவது எப்படியிருக்கும்? எனக்கு 1964 டிசம்பர்ப் புயல் நினைவுக்கு வருகிறது. பாம்பன் பாலத்தின் 126 உத்திரங்களைக் கடல் கொண்டது. சீரமைப்புப் பொறுப்பு தெற்கு ரயில்வேயின் இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. ஆறு மாதக் கெடு. மேலதிகாரி அதையும் மூன்றாகச் சுருக்கினார். (இதுவும் ஒருவகை நம்பிக்கைதான் போலும்!) கடலடியில் கிடந்த உத்திரங்களை மீனவர்கள் காட்டித்தர, அவற்றையே மீட்டு நிறுத்தினார், 46 நாள்களில் பாலம் எழுந்தது.

புயல் வழங்கிய அந்தச் சுதந்திரம், அமைதிக் காலத்தில் அரசு அலுவலர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை. 1990இல் கொங்கண் ரயில்வே தனி நிறுவனமாயிற்று, தலைமை ஸ்ரீதரனுக்கு. பணியிடங்களில் எஞ்சிய நாள்களைக் காட்டும் கடிகாரங்களை வைத்தார். முடிவெடுக்கும் உரிமை பெற்ற களப்பொறியாளர்கள், மேலிடத்துக் கோப்பின்மீது இனிப் பழிபோட முடியாமல், தினமும் அவற்றின் எதிரே நின்றார்கள்.