வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி

மன்னார்த் தீவிலும் எதிரே பெருநிலக் கரையிலும் படித்த பெண்பிள்ளைகள் எவருக்கும் வலைப்பந்தாட்டம் புதிதன்று. அந்த விளையாட்டில் ஆசியாவின் உச்சியைத் தொட்ட ஈழத்துத் தமிழ்ப் பெண் ஒருவரின் வரலாற்றை நூற்றாண்டு மலரில் பதிவது பொருத்தமென எண்ணுகிறோம்.

யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்து வளையம் இருப்பது 305 சென்ரிமீற்றரில். எழுவரில் இருவரே கோல் போடலாம்; மூன்று விநாடிக்குள் பந்தை எறிந்துவிடவும் வேண்டும். ஆகவே உயரத்தோடு குறியும் வேண்டும், கைக்கு எட்டப் பந்து தரும் தோழியரும் வேண்டும்.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டில், சிங்களத் தோழியரோடு சேர்ந்து ஆடி இலங்கைக்கு ஆசியக் கிண்ணத்தை வென்று தந்தார். 2018இலும் 2022இலும் வென்ற அணிகளிலும் அவர் இருந்தார். அவுஸ்திரேலியக் கழக அணிக்கும் ஆடினார். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவரும் அவரே. கடைசியாகச் சொன்ன ஆசியக் கிண்ணத்தின்போது அவருக்கு வயது 43.

"இப்படி வளர்ந்துவிட்டாளே, யார் கட்டுவார்?" என்று மகளை அழைத்துவரும் தாய்மாரை வைத்தியர்களாகிய நாம் இன்றும் காண்கிறோம். நோயில்லாத உயரத்துக்கு மருந்து வேண்டாம், மைதானம் போதும். பெரியபிள்ளையானதும் விளையாட்டை விட்டு நிறுத்தப்பட்ட தோழியர் நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். எங்கு வாழ்ந்தாலும் நம் பிள்ளைகளுக்கு அப்படி நேராமல் பார்த்துக்கொள்வோம். தர்ஜினிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.