முடிவில்லாக் கதை (புதினம்)

முடிவில்லாக் கதை என்பது ஜெர்மன் எழுத்தாளர் மைக்கேல் எண்டே (1929–1995) எழுதிய கனவுருப்புனைவுப் புதினம் ஆகும். இதனை ஷ்டுட்கார்ட் நகரின் தீனெமன் பதிப்பகம் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ரால்ஃப் மன்ஹைம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1983 இல் வெளிவந்தது. ஒரு நூலைப் படித்துக்கொண்டிருக்கும் சிறுவன் அந்நூலின் கதைக்குள்ளேயே சென்றுவிடுவதை இப்புதினம் கூறுகிறது. நூல்களின் மீதான பற்றைக் கருப்பொருளாகக் கொண்ட கனவுருப்புனைவுகளுள் இது பரவலாக அறியப்பட்ட ஒன்று. வாசிப்பைப் போற்றும் இப்புதினம், கற்பனை உலகிலிருந்து திரும்பி வராதவர்களுக்கு நேரும் இழப்பையும் காட்டுகிறது.

பின்னணி

எண்டே தென் ஜெர்மனியில் உள்ள கார்மிஷ்-பார்டென்கிர்ஷன் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை எட்கார் எண்டே ஒரு சர்ரியலிச ஓவியர். அவருடைய ஓவியங்கள் நாசி ஆட்சியில் தடை செய்யப்பட்டன. 1960 இல் வெளிவந்த ஜிம் க்னோஃப் கதையும் 1973 இல் வெளிவந்த மோமோ புதினமும் எண்டேக்குப் புகழ் தேடித்தந்தன. எனினும், இத்தகைய கதைகள் வாசகரை நடப்பு வாழ்விலிருந்து தப்பியோடச் செய்பவை என்னும் குறை அக்கால ஜெர்மன் திறனாய்வாளர்களால் கூறப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் எண்டே இத்தாலிக்குக் குடிபெயர்ந்து, ரோம் நகருக்கு அருகே வாழ்ந்தார். முடிவில்லாக் கதை அங்கு எழுதப்பட்டதாகும்.

கதைச்சுருக்கம்

பாஸ்டியன் பல்தாசர் பக்ஸ் தாயை இழந்த பள்ளிச் சிறுவன். பருத்த உடலும் கூச்ச குணமும் கொண்ட அவனை உடன் பயிலும் மாணவர்கள் கேலி செய்து துன்புறுத்துகின்றனர். பல் மருத்துவத் தொழில்நுட்பரான தந்தையோ, மனைவி இறந்த துயரில் மகனுடன் பேசுவதையே குறைத்துவிட்டார். ஒரு நாள் துரத்தும் மாணவர்களிடமிருந்து தப்பி, கோரியாண்டர் என்பவரின் பழைய புத்தகக் கடைக்குள் நுழையும் பாஸ்டியன், "முடிவில்லாக் கதை" என்னும் நூலைத் திருடிச் சென்று பள்ளிக்கூடப் பரணில் ஒளிந்துகொண்டு படிக்கிறான்.

அந்நூல் ஃபன்டாசியன் என்னும் உலகைப் பற்றியது. அவ்வுலகை "இன்மை" என்னும் வெறுமை விழுங்கி வருகிறது. அதன் குழந்தைப் பேரரசியும் நோயுற்றிருக்கிறார். மருந்து தேடி அனுப்பப்படும் அத்ரேயு என்னும் சிறுவன், பேரரசிக்குப் புதிய பெயர் சூட்டினால் மட்டுமே அவர் பிழைப்பார் என்றும், அதை மனிதக் குழந்தை ஒன்றே செய்ய முடியும் என்றும் அறிகிறான். அந்தக் குழந்தை தானே என்பதைப் பாஸ்டியன் மெல்ல உணர்கிறான். ஆயினும் தன் தோற்றத்தை எண்ணித் தயங்குகிறான். இறுதியில் அவன் பெயரைக் கூவியதும் ஃபன்டாசியனுக்குள் சேர்க்கப்படுகிறான்.

இரண்டாம் பாதியில், பாஸ்டியன் விரும்பியதெல்லாம் நிறைவேறுகிறது. அழகும் வலிமையும் புகழும் அவனுக்குக் கிட்டுகின்றன. ஆனால் நிறைவேறும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் விலையாக, மனித உலகைப் பற்றிய நினைவு ஒன்றை அவன் இழக்கிறான். செருக்குற்றுத் தானே பேரரசனாக முயன்று, தடுக்க வந்த நண்பன் அத்ரேயுவையே காயப்படுத்துகிறான். பின்னர் தன் பெயரையும் மறந்த நிலையில், அத்ரேயுவின் உதவியால் வாழ்வின் நீரூற்றை அடைந்து தந்தையிடம் திரும்புகிறான்.

நூலின் அமைப்பு

கடைக் காட்சியைக் கூறும் முன்பகுதியைத் தவிர்த்து, புதினத்தில் 26 அத்தியாயங்கள் உள்ளன. அவை முறையே ஜெர்மன் நெடுங்கணக்கின் 26 எழுத்துகளில் ஒவ்வொன்றைக் கொண்டு தொடங்குகின்றன. இவ்வெழுத்துகளை ஓவியர் ரோஸ்வித்தா குவாட்ஃப்லீக் அழகுற வரைந்துள்ளார். மூலப் பதிப்பில் மனித உலக நிகழ்வுகள் சிவப்பு நிறத்திலும், ஃபன்டாசியன் நிகழ்வுகள் பச்சை நிறத்திலும் அச்சிடப்பட்டன. இதனால் வாசகர் கையில் இருப்பதும் பாஸ்டியன் படிக்கும் அதே நூல்தான் என்னும் எண்ணம் உண்டாகிறது.

கருப்பொருள்

புதினத்தின்படி இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. மனிதர்கள் ஃபன்டாசியனுக்கு வருவதை நிறுத்தியதால் அவ்வுலகம் அழிகிறது. இன்மைக்குள் விழும் ஃபன்டாசியன் உயிர்கள் மனித உலகில் பொய்களாக மாறுகின்றன. ஆகவே கற்பனை அழிவதால் மனித உலகமும் கேடுறுகிறது.

இதன் மறுபக்கத்தைப் பழைய பேரரசர்களின் நகரம் காட்டுகிறது. ஃபன்டாசியனுக்கு வந்து திரும்ப வழியின்றிப் போன மனிதர்கள் அங்கு வாழ்கின்றனர். எல்லா நினைவுகளையும் இழந்ததால் அவர்களால் எதையும் விரும்பவோ கதை சொல்லவோ இயலாது. எழுத்துகள் பொறித்த பகடைகளை உருட்டி, பொருளற்ற எழுத்து வரிசைகளை உண்டாக்குவதே அவர்களின் வேலை. கதை பிறப்பதற்கு எழுத்துகள் மட்டும் போதா, வாழ்ந்த நினைவும் வேண்டும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. தப்பியோடும் இலக்கியம் என்ற குற்றச்சாட்டுக்கு இதனை ஒரு மறுமொழியாகக் கொள்ளலாம்.

வீடு திரும்பும் பாஸ்டியன் தன் கதை முழுவதையும் தந்தையிடம் கூறுகிறான். கேட்கும் தந்தையின் கண்களில் நீர் வருகிறது. நூல் தந்த பயணம், பேசாதிருந்த இருவரையும் பேச வைக்கிறது. பின்னர் அவன் தானாகவே கடைக்குச் சென்று திருட்டை ஒப்புக்கொள்கிறான். கோரியாண்டரோ அப்படி ஒரு நூல் தம்மிடம் இருந்ததில்லை என்கிறார். தாமும் ஒரு காலத்தில் ஃபன்டாசியனுக்குச் சென்று வந்ததைத் தெரிவிக்கிறார்.

திரைப்படமும் பிற வடிவங்களும்

வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய திரைப்படம் 1984 இல் வெளியானது. இது புதினத்தின் முதற்பாதியை மட்டுமே தழுவியது. தம் கதையின் கருத்தைப் படம் சிதைத்துவிட்டதாகக் கருதிய எண்டே நீதிமன்றம் சென்று தோல்வியுற்றார். படத்தின் தொடக்கப் பெயர் வரிசையில் அவருடைய பெயர் இடம்பெறவில்லை. 1990 இல் வந்த இரண்டாம் திரைப்படம் பிற்பாதியின் சில கூறுகளை எடுத்துக்கொண்டது. சீக்ஃபிரீட் மாத்துஸ் இசையமைத்த இசை நாடகம் 2004 இல் அரங்கேறியது. முதல் திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் பாஸ்டியன் நினைவிழப்பதையும் அவன் வீடு திரும்பத் தேடும் வழியையும் அதில் காண இயலாது.