கானேஷுமாரியில் நம் வீடுகள்

நம் முன்னோர் மக்கள் தொகைக் கணக்கெடுப்பைக் 'கானேஷுமாரி' என்று வழங்கினர். பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல்லுக்கு வீடுகளை எண்ணுதல் என்பது பொருள். சென்னை மாகாணத்தில் 1871-லும், நாடு முழுவதும் ஒரே காலத்தில் 1881-லும் அக்கணக்கு எடுக்கப்பெற்றது. ஆயின் வீடு எனப்படுவது யாது? கூரையா, குடும்பமா?

1951-ஆம் ஆண்டுக் கணக்கில் வீடு வேறு, குடித்தனம் வேறு எனப் பிரித்தனர். 2011-ஆம் ஆண்டு விதிப்படி, தெருவிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ தனி வாசல் உடைய பகுதி ஒரு வீடு. பொதுவாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்போர் ஒரு குடித்தனம். அதாவது வீட்டுக்கு அடையாளம் வாசல். குடித்தனத்துக்கு அடையாளம் அடுப்பு.

இவ்விதியை நம் அவிநாசிப் பகுதியில் பொருத்திப் பார்ப்போம். பனியன் தொழிலை நம்பி வந்தோர் குடியிருக்கும் லைன் வீடுகளில் முற்றமும் குழாயும் பொதுவெனினும், தனி வாசல் உடைய ஒவ்வோர் அறையும் ஒரு வீடே. நூற்பாலை விடுதியில் ஒரே சமையற்கூடத்தில் உண்ணும் பெண்மக்கள் நூற்றுவராயினும், அவர்கள் சேர்ந்து ஒரே நிறுவனக் குடித்தனமாவர்.

நம் காலனிகளின் நிலை வேறு. 1974-ல் தொடங்கப்பெற்ற தாட்கோ முதலிய அமைப்புகள் கட்டித்தந்த வீடு ஒரு சிறு குடும்பத்துக்கு உரிய அளவினது. பிள்ளைகள் மணமுடித்த பின்னரும் இடமின்மையால் அங்கேயே தங்குகின்றனர். ஒரே அடுப்பு எரிந்தால், கணக்கில் அஃது ஒரு வீடு, ஒரு குடித்தனம். குறை எதுவும் தோன்றாது!

அக்குறையை வெளிக்கொணரும் கேள்விகளும் உள்ளன. 2011-க்கான வீட்டுப் பட்டியலில் குடித்தனத் தலைவர் பட்டியல் இனத்தவரா, வசிப்பறைகள் எத்தனை, மணமான தம்பதியர் எத்தனை என வினவப்பெற்றது. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமேனும் இருந்தால்தான் அது வசிப்பறை. சமையலறையும் நடைவழியும் அதிற் சேரா. ஓர் அறையில் மூன்று தம்பதியர் என்னும் உண்மை ஏட்டில் ஏறினால், நம் மக்களுக்கு எத்தனை வீடுகள் தேவை என்பது புலனாகும்.

ஆனால் நம்மவருட் சிலர், உள்ளதைச் சொன்னால் பட்டாவுக்கோ ரேஷன் அட்டைக்கோ இடையூறு வருமென்று அஞ்சி, இரண்டு அடுப்பை ஒன்று என்கின்றனர். அவ்வச்சம் வேண்டா. 1948-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனியொருவர் கூறிய விவரங்கள் மறைவாகக் காக்கப்படும். பிறர் பார்வையிடவோ, வழக்கில் சான்றாகக் காட்டவோ இயலாது. ஊரின் கூட்டுத்தொகையே வெளியாகும்.

2021-ல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறுமென 2025-ல் அறிவிக்கப்பெற்றது. கால் நூற்றாண்டாக நாம் கற்பித்த எழுத்தறிவுக்கு இஃதோர் உரைகல். படித்த நம் இளைஞர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அறை எத்தனை, அடுப்பு எத்தனை, தம்பதியர் எத்தனை என்பதை உள்ளவாறே சொல்லுமாறு பெரியோர்க்கு எடுத்துரைப்பார்களாக.