காவிரிப் படுகையும் தமிழ்த் திரைப்படமும்

காவிரிப் படுகை தமிழ்த் திரைப்படங்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் கதைக்களங்களுள் ஒன்றாகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய இன்றைய மாவட்டங்கள் இந்த நெல் விளையும் பகுதியில் அடங்கும். இதனை இசையின் நிலமாகக் காட்டும் படங்கள் பலரும் அறிந்தவை. உழவுத் தொழிலாளரின் நிலமாகக் காட்டும் படங்கள் மிகச் சிலவே.

இசையும் கோயிலும்

நாதசுவரக் கலைஞர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் (1940) படத்தில் தலைமை வேடமேற்று நடித்தார். பாடத் தெரிந்தவர்களே திரையில் தோன்றிய காலம் அது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய மன்னனைப் பற்றிய இராஜராஜ சோழன் (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகும்.

இவ்வகைப் படங்களுள் தலைசிறந்தது தில்லானா மோகனாம்பாள் எனலாம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையைத் தழுவி ஏ. பி. நாகராஜன் இயக்கிய இப்படம் 1968 சூலையில் வெளிவந்தது. சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாதசுவர வித்துவானுக்கும் திருவாரூர் மோகனாம்பாள் என்னும் நடன மங்கைக்கும் இடையே நிகழும் போட்டியும் காதலுமே கதை. சிவாஜி கணேசனுக்காக நாதசுவரம் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கதையில் செல்வந்தர்கள் கலையைப் போற்றுபவர்களாகவும் கலைஞர்களுக்குத் தொல்லை தருபவர்களாகவும் வருகின்றனர். வயலில் இறங்கி வேலை செய்வோருக்குக் கதையில் பங்கில்லை.

கீழ்வெண்மணி

அதே 1968 ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். கீழமைநீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சிக்கலும் கீழ்வெண்மணியும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன.

இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய குருதிப்புனல் புதினம் 1977 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. நிலக்கிழாரின் வன்முறைக்கு உளவியல் காரணம் கற்பித்து, கூலிப் போராட்டத்தைப் பின்தள்ளியதாக இடதுசாரித் திறனாய்வாளர்கள் இதனைக் கண்டித்தனர். இப்புதினத்தைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய கண் சிவந்தால் மண் சிவக்கும் (1983), சிறந்த அறிமுக இயக்குனருக்கான தேசிய விருதைப் பெற்றது. (1995 இல் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த குருதிப்புனல் படத்துக்கும் இப்புதினத்துக்கும் தொடர்பில்லை.) பாரதி கிருஷ்ணகுமாரின் இராமையாவின் குடிசை (2005) என்னும் ஆவணப்படம், நிகழ்வை நேரில் அறிந்தோரின் வாய்மொழிகளைப் பதிவு செய்கிறது. கதைப்படங்கள் தொடத் தயங்கிய பெயர்களும் இடங்களும் இதில் நேரடியாகவே வருகின்றன.

பிற நாடுகளில்

இத்தாலியின் நெல் வயல்களில் நாற்று நடும் பெண்களைப் பற்றிய ரீசோ அமாரோ (1949) அந்நாட்டில் பெரும் வரவேற்பைப் பெற்றது. எசுப்பானியாவில் பண்ணையார் ஒருவரிடம் பணிபுரியும் குடும்பத்தைப் பற்றி மிகேல் தெலிபெஸ் எழுதிய புதினத்தை, மாரியோ காமுஸ் 1984 இல் லோஸ் சாந்தோஸ் இனோசென்தெஸ் என்ற பெயரில் படமாக்கினார். அதில் நடித்த இருவர் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டனர். ஏறத்தாழ அதே காலத்தில், அதே வகைக் கதையுடன் வந்த தமிழ்ப் படம் இன்று அரிதாகவே பேசப்படுகிறது.

அண்மைக்காலம்

சற்குணத்தின் களவாணி (2010) தஞ்சைச் சிற்றூர் வாழ்க்கையை நகைச்சுவையாகக் காட்டியது. சி. பிரேம்குமாரின் மெய்யழகன் (2024), சொத்துத் தகராறால் 1996 இல் தஞ்சையை விட்டுச் சென்ற ஒருவர் நீடாமங்கலத்தில் நடக்கும் திருமணத்துக்காகத் திரும்பிவருவதைச் சொல்கிறது. இதில் இழக்கப்படுவது வயலன்று, பூர்வீக வீடு.