சவப்பெட்டிக்காரர் பான்டிங்கும் மயிலாப்பூர் சாதமும்

லோ கார்ப், பேலியோ, கீட்டோ என்று பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதில் ஏதோ ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். மீதிப் பேர் ஆரம்பித்து நிறுத்தியிருக்கிறார்கள். நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ புத்தகம் தமிழில் பரவிய காலத்திலிருந்து இந்தப் பேச்சு இங்கே அதிகம். எல்லோரும் இதை நேற்று முளைத்த சமாசாரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது இன்சுலினைவிடப் பழையது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிரியா-சவாரன் என்ற நீதிபதி 1825-ல் பாரிஸில் வெளியிட்ட ‘சுவையின் உடலியல்’ என்ற புத்தகத்தை மூலத்திலேயே படிக்க முடிந்தது. சாப்பாட்டு ரசிகர், மருத்துவர் அல்ல. ஆனால் உடல் பருமன் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். விருந்துகளில் பக்கத்தில் உட்காரும் குண்டு மனிதர்களைக் கவனித்திருக்கிறார். ரொட்டி, அரிசி, உருளைக்கிழங்கு என்று அவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதெல்லாம் மாவுப் பண்டம். அதைக் குறைத்தால் உடம்பு குறையும் என்பது அவர் தீர்ப்பு. கூடவே வயிற்றைச் சுற்றி இராப்பகலாக ஒரு பெல்ட் கட்டிக்கொள்ளவும் சொல்கிறார். அந்த யோசனையை விட்டுவிடலாம்.

இதை உலகம் முழுக்கப் பரப்பியவர் லண்டனில் சவ அடக்கத் தொழில் செய்த வில்லியம் பான்டிங். அரச குடும்பத்துக்கே சவப்பெட்டி செய்து கொடுத்த குடும்பம். இன்சுலினோடு சேர்த்துச் சொல்லப்படும் ஃபிரெடரிக் பான்டிங் வேறு ஆள், பிந்தியவர். நம்மவருக்கு 1862-ல் வயது 65. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது 91 கிலோவுக்கு மேல். குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவாராம். படகு வலித்துப் பார்த்தார். பசிதான் அதிகமானது, கூடுதலாகச் சாப்பிட்டார். (வாக்கிங் முடித்துவிட்டு நேராக ஓட்டலுக்குப் போய் வடையும் பொங்கலும் வாங்குகிறவர்களுக்கு இது புரியும்.)

கடைசியில் காது மந்தமாகிவிட்டதே என்று ஒரு காது வைத்தியரிடம் போனார். அவர் பெயர் வில்லியம் ஹார்வி. இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி அல்ல. இந்த ஹார்வி 1856-ல் பாரிஸில் குளோத் பெர்னாரின் சொற்பொழிவுகளைக் கேட்டவர். கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்கிச் சேர்த்து வைக்கிறது என்று காட்டியவர் பெர்னார்; சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜனை அடுத்த வருடம் பிரித்தெடுத்தார். அங்கே கேட்டதை மனத்தில் வைத்து, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர், பால், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார் ஹார்வி. ஒரு வருடத்தில் பான்டிங் 46 பவுண்டு இளைத்தார். காதும் நன்றாகக் கேட்டதாம். 1863-ல் சொந்தச் செலவில் ஒரு சிறு பிரசுரம் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். ஆங்கிலத்தில் டயட் இருப்பதற்கே அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. மருத்துவப் பத்திரிகைகள் கிண்டல் செய்தன. அவர் 81 வயது வரை இருந்தார்.

இந்தக் கதையை நம் ஊரில் சொன்னால் ஒரு சங்கடம் இருக்கிறது. பான்டிங்குக்கு ரொட்டி ஒரு பண்டம். நமக்கு அரிசி அப்படி இல்லை. என் வயதுக்காரர்களுக்கு அரிசி என்றால் ரேஷன், க்யூ, அரசியல். யுத்த காலத்தில் வந்த கட்டுப்பாட்டை 1952-ல் ராஜாஜி எடுத்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1965-ல் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னது நமக்கே ஞாபகம் இருக்கும். 1967-ல் ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்று சொல்லி ஜெயித்த அண்ணா, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். 2011-லிருந்து அட்டைக்கு 20 கிலோ வரை இலவசம். வயிறு நிறையச் சாதம் என்பதுதான் நாம் பிறந்ததிலிருந்து கேட்ட நல்வாழ்வு. அதைக் குறை என்று டாக்டர் சொல்லும்போது மனசு ஒப்பாததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. கோபாலபுரத்து டாக்டர் மோகன் குழுவினர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் 26,001 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அதன் உணவுக் கணக்கில், நம்மவர்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து, வந்தது. பிறகு நாடு முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் மொத்த மாவுச்சத்து 62 சதவீதம் என்று வந்தது. இதை 50, 55-க்குக் கொண்டுவந்து, குறைந்த இடத்தில் புரதத்தை வையுங்கள் என்கிறார்கள். கீட்டோக்காரர்கள் சொல்வது போல அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அரிசிக்குப் பதில் அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டால் பெரிய பலன் இல்லை. மொத்த மாவு குறைய வேண்டும். தி.நகரிலும் அடையாறிலும் எத்தனை வீடுகளில் ‘சுகர் இருக்கு, ராத்திரி சப்பாத்திதான்’ என்று நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் நடக்கிறது! கம்பு தோசை ஐந்து சாப்பிடுவதும் அதே கதைதான்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறையலாம். அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். பெர்னார் கண்ட கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது தண்ணீரும் உப்பும் போய்விடும். அதனால்தான் அந்த வாரம் தலைசுற்றலும் அசதியும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுந்து நிற்கும்போது கவனமாக இருக்க வேண்டும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் மருந்தைக் குறைக்காமல் சாதத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். டாபாக்ளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதத்துக்கும் அளவு உண்டு. எழுபதுக்கு மேல் நம்மில் பாதிப் பேர் கையில் இந்த மாத்திரைகளில் ஒன்றாவது இருக்கும். பூங்காவில் பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னதைக் கேட்டு ஆரம்பிக்காமல், முதலில் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. எது நம் வீட்டு அடுப்பில் வருடக்கணக்காக நடக்குமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் புரிந்துகொண்டேன்.

நம் வீடுகளில் சாதம் மூன்று தடவை வருகிறது: குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு. குறைக்க இதைவிட வசதியான ஏற்பாடு பிரெஞ்சுக்காரர்களிடம்கூடக் கிடையாது. என் தட்டில் பொரியலும் கூட்டும் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. கொஞ்சம் பனீரோ சுண்டலோ சேரும். குழம்பு சாதம் இரண்டு கரண்டியோடு நின்றது. ரசத்தை டம்ளரில் குடித்துவிடுகிறேன். மோர் சாதம் மட்டும் ஒரு பிடி இருக்கிறது. பான்டிங்கும் காலையில் ஒரு அவுன்ஸ் டோஸ்ட்டை விடவில்லை.