வேகமும் தாங்குதிறனும்: இளம் பந்துவீச்சாளர் தேர்வும் ஒரகடம் தொழில்வட்டாரமும்

பேஸ்பால் ஆட்டத்தில் முதல் பந்திலிருந்தே எறியத் தொடங்கி, ஐந்தாறு இன்னிங்ஸ் வரை எதிரணியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பொறுப்பு 'ஸ்டார்ட்டிங் பிட்சர்' எனப்படும் தொடக்க எறிவாளருடையது. ஓர் ஆட்டம் முடிந்ததும் வழக்கமாக நான்கு நாள் ஓய்ந்து, ஐந்தாம் நாள் மீண்டும் எறிய வேண்டியவர் அவர். அத்தகையவரைப் பதினெட்டு வயதிலேயே கண்டறிய ஊர் ஊராகச் செல்லும் தேர்வாளர்கள், 'ஸ்கவுட்' என்று அழைக்கப்படுவோர், ஓர் இளைஞரின் இன்றைய திறனையும் அவர் எட்டக்கூடிய திறனையும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே, பேஸ்பாலைப் போலவே கிரிக்கெட்டிலும், இளம் பந்துவீச்சாளர் தேர்வின் அடிப்படைப் பிழை என்பதும், தமிழகத்தில் அப்பிழையைத் தவிர்க்க வேண்டிய இடங்களுள் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரம் முதன்மையானது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தியாவில் பேஸ்பால் எறிவாளரைத் தேடி 2008இல் நடத்தப்பட்ட 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டி, வேகமானி காட்டும் எண்ணை முதன்மையாகக் கொண்டது. அதில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிதலில் பயின்ற உத்தரப் பிரதேச இளைஞர்கள். ரிங்கு சிங்கின் எறி மணிக்கு 87 மைல், அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அவ்வாண்டு இறுதியிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஆனால் தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு முழங்கை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். இருவருள் எவரும் முதன்மை லீக்கை எட்டவில்லை. நல்ல கைகளைக் கண்டெடுத்ததில் போட்டி தோற்கவில்லை. கையின் ஆற்றலை ஒரே நாளில் அளந்துவிடலாம், அந்தக் கை ஆண்டுக்கணக்கில் எதைத் தாங்கும் என்பதை அப்படி அளக்க முடியாது என்பதையே அது காட்டிற்று. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியின் வழிகாட்டலில் 1987இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டது: சிலரையே தேர்ந்து, நெடுங்காலம் உடனிருந்து பயிற்றுவித்தது. ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் போன்றோர் அங்கே பயின்றவர்கள்.

தமிழகத்தின் சிக்கல் இவற்றினும் நுட்பமானது. ஏனெனில் இங்குள்ள இளைஞர்களுள் பெரும்பாலோர் வீசுவது டென்னிஸ் பந்து. சாதாரண டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவே. கிரிக்கெட் பந்தோ 156 முதல் 163 கிராம் வரை. எடை குறைந்த பந்தில் வேகம் பெறக் கையை மிக விரைவாகச் சுழற்ற வேண்டும். தையல் விளிம்பு இல்லாத அப்பந்து சற்றே குறைந்த தூரத்தில் விழுந்தாலும் எழும்பி மட்டைக்கு வசதியாக நிற்பதால், வீச்சாளர் மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கரையே நம்பப் பழகுகிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் த. நடராஜன் இவ்வழியில் வந்தவர். 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானதும் அவரது வீச்சு முறை குறித்து ஐயம் எழுந்தது. முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது கிரிக்கெட் விதி. வீச்சு முறையைத் திருத்திக்கொண்டு 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) போட்டியில் யார்க்கரால் கவனம் பெற்ற அவர், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். ஐயம் எழுந்த அன்றே அவர் கைவிடப்பட்டிருந்தால் இந்தியா ஒரு வீச்சாளரை இழந்திருக்கும். எனினும் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் ஒருவர் வீசுவது ஓரிரு ஓவர்களே. நாள் முழுதும் பல சுற்று வீசும் திறன் அங்கே வெளிப்படுவதே இல்லை.

ஒரகடம் தொழில்வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரையிலான சிப்காட் தொழில் வளாகங்களில் கார், கைப்பேசி, டயர் உற்பத்தியில் பணிபுரியும் இளைஞர்களுள் பலர் விழுப்புரம், திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள். தேர்வுப் பாதை மாவட்டச் சங்கங்கள், சென்னை லீக் கிளப்புகள் வழியாகச் செல்கையில், சொந்த ஊரை விட்டு வந்து, புகுந்த ஊரில் கிளப்பும் இல்லாத இவர்கள் இரண்டின் பார்வைக்கும் அப்பால் நிற்கின்றனர். பழைய சென்னையின் ஆலைகளும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. தொழில் பயிலுநராகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் ஆள் எடுக்கும் இன்றைய முறையில் அத்தகைய பிடிமானம் அரிது.

இங்கே தேர்வாளர்கள் வேகமானியோடு ஒரு ஞாயிறு வந்து போவது போதாது. இரவு சிப்ட் முடித்து வந்தவரின் வீச்சும் ஓய்வெடுத்தவரின் வீச்சும் ஒன்றல்ல. முதல் ஓவரைவிட ஆறாம் ஓவரே அதிகம் சொல்லும். அமெரிக்காவில் 2014இல் பேஸ்பாலுக்கு வெளியான 'பிட்ச் ஸ்மார்ட்' நெறிமுறை, 17–18 வயதினர் ஒரு நாளில் 105 எறிகளைத் தாண்டக் கூடாது என வரையறுத்தது. பதின்பருவ முடிவில் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்பதால், எட்டு மணி நேரம் நின்று உழைக்கும் இளைஞர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இன்னும் இன்றியமையாதது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் தொழிற்சாலை நிர்வாகங்களும் சிப்காட் வளாகம் ஒவ்வொன்றிலும் ஓர் ஆடுகளம் அமைத்து, கிரிக்கெட் பந்தைக் கையில் கொடுத்து, ஒரே வீச்சாளரை ஒரு பருவம் முழுதும் பலமுறை பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்.